நன்மை நாளில் வராத அம்புறோஸ்

இந்தியாவிலிருந்து திரும்பி வந்த பிறகு சிவலட்சுமி ஒருநாளும் கடற்கரைக்குப் போனதில்லை. பாப்பாமோட்டையில் அவர்களுடைய வயலின் மேற்கு வரம்பில் ஏறி நின்றால் உப்புக்காற்று முகத்தில் படும். அவ்வளவு கிட்டத்தில்தான் கடல். ஆனாலும் நேரம் இருக்கவில்லை. இருபது வருடமாக ஆளில்லாமல் கிடந்த வயலில் உடைமரம் காடாக வளர்ந்திருந்தது. வெட்டி, வேர் கிளப்பி, வரம்பு கட்டி முடிக்கவே காலம் போனது. முதல் போகத்தைப் பன்றி உழக்கியது. அடுத்ததற்கு மழை பொய்த்தது. சண்டை முடிந்து நாலாவது வருடம் வந்த பெரும்போகம்தான் வீட்டுக்குள் மூட்டையாக அடுக்கிவைக்கும்படி விளைந்தது.

அந்த ஆடி மாதம் மகள் சேதுநாயகி லீவில் வீட்டுக்கு வந்தாள். வவுனியாவில் ஒரு பாலர் பள்ளியில் படிப்பிக்கிறாள். மண்டபம் முகாமில் வளர்ந்தவள். ஊரில் யாராவது ஏதும் கேட்டால் இப்போதும் வாய் தவறி 'ஆமா' என்றுதான் சொல்லுவாள். பிறகு சிரித்துக்கொண்டு 'ஓம்' என்று மாற்றுவாள்.

"அம்மா, ஒருநாளைக்கு எங்கையாவது போவமே? இந்த ஊருக்கு வந்து நான் இன்னும் ஒண்டுமே பாக்கேல்லை" என்றாள்.

சிவலட்சுமி யோசிக்காமல் பதில் சொன்னாள். "கரையோர ஊருகளைப் பாத்திட்டு வருவம். பழைய இடங்கள் எல்லாம் இருக்குதாம்."

மண்வெட்டிக்குப் பிடி செருகிக்கொண்டிருந்த சீவரத்தினம் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. அவர் அதிகம் பேசாதவர்.

மன்னார் டவுனில் வாடகை வான் ஓட்டும் கிறகரியைப் பிடித்தார்கள். அவன் சனிக்கிழமை விடியவே வந்துவிட்டான். நாற்பது வயதுக்காரன், கொழும்பிலிருந்து வருகிறவர்களைச் சுற்றிக் காட்டிப் பழகியவன். வான் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வரிசையாகச் சொன்னான்: முதலில் அரிப்பு, அங்கே கோட்டை, பிறகு முத்துக்குளித்த சிலாவத்துறை, நேரம் இருந்தால் கொண்டச்சி வரைக்கும், திரும்பி வரும்போது வங்காலை, மத்தியானத்துக்குப் பிறகு தீவுக்குள் பேசாலை, தலைமன்னார்.

அவன் சொல்லி முடிக்கும்போது சீவரத்தினம் ஒரு மூட்டை அரிசியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து வானின் பின்பக்கம் வைத்தார்.

"என்னண்ணை, கோட்டையில சமைக்கப் போறியளோ?" என்று கேட்டான் கிறகரி.

"ஒரு வீட்டுக்குக் குடுக்கோணும்."

"எந்த வீடு?"

"பாப்பம்" என்று சொல்லிவிட்டு அவர் ஏறி உட்கார்ந்தார். சிவலட்சுமிக்கு அப்போதுதான் தெரிந்தது, தான் வாய் திறக்காமலே அவர் எல்லாவற்றையும் விளங்கிக்கொண்டார் என்று.

அரிப்பில் கச்சான் காற்று தூக்கி எறிந்தது. அந்தக் காலத்தில் தென்பக்கக் கடல் அடங்காது. சிவந்த மண்திட்டின் விளிம்பில், பாதி கடலுக்குள் இடிந்து விழுந்தபடி, அல்லிராணிக் கோட்டை நின்றது. பெயர்தான் அல்லிராணியுடையது, உண்மையில் முத்துக்குளிப்பைப் பார்ப்பதற்கென்று வெள்ளைக்காரக் கவர்னர் கட்டிய மாளிகை என்று கிறகரி விளக்கினான். சேது போனில் படம் எடுத்தாள். சீவரத்தினம் இடிந்த சுவரின் செங்கல்லைத் தடவி அதன் தடிப்பைப் பார்த்தார்.

சிவலட்சுமி மெல்ல விலகிப் போனாள். கரையில் ஏற்றிக் கிடந்த படகுகளின் மறைவில் இரண்டு பேர் வலை தைத்துக்கொண்டிருந்தார்கள்.

"தம்பி, இஞ்ச அம்புறோஸ் எண்டு ஒருத்தர் இருக்கிறாரோ?"

"எந்த அம்புறோஸ்? மூண்டு பேர் இருக்கினம்."

"போட் ஓட்டினவர்."

"மூண்டு பேரும் போட் ஓட்டுறவைதான் அக்கா."

"இந்தியாவுக்குச் சனம் ஏத்தினவர்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அப்படி ஒருவரும் இங்கே இல்லை என்றார் மூத்தவர். அவள் நன்றி சொல்லிவிட்டுத் திரும்பினாள். தனக்குள் வெட்கமாக இருந்தது. ஒரு பெயரை மட்டும் வைத்துக்கொண்டு, அதுவும் இந்தக் கரை முழுவதும் பத்து வீட்டுக்கு ஒன்றாக இருக்கும் ஒரு பெயரை.

சிலாவத்துறையில் தேத்தண்ணி குடிக்க இறங்கினார்கள். கடைக்காரர் மஹ்மூது வெள்ளைத் தாடிக்காரர். புத்தளத்தில் நீண்டகாலம் அகதியாக இருந்து, சொந்த ஊருக்குத் திரும்பி, புதிதாகத் தகரக் கூரை போட்டுக் கடை வைத்திருந்தார். சேதுவும் கிறகரியும் முத்துச்சிப்பி பொறுக்கவென்று கரைக்குப் போன நேரம் பார்த்து, சிவலட்சுமி அவரிடமும் அதே கேள்வியைக் கேட்டாள்.

மஹ்மூது துணியால் மேசையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இந்தியாவுக்குச் சனம் போனது அங்கால, தங்கச்சி. பேசாலை, தலைமன்னார். நீங்கள் மாறி இந்தக் கரைக்கு வந்திட்டீங்கள்."

"எந்த ஊர்க்காரர் எண்டு எனக்குத் தெரியாது. தொண்ணூறாம் ஆண்டு."

"அந்த வருசம் நாங்களும் கடலாலதான் போனம். நீங்கள் மேற்கால. நாங்கள் தெற்கால." அவர் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "எங்களைக் கொண்டுபோனவன்ட பேரும் எனக்குத் தெரியாது. முகம் நல்லா நினைவிருக்கு. தேடிப் போகோணும் எண்டு நினைக்கேல்லை. நீங்கள் போறீங்கள், நல்லது."

தேத்தண்ணிக்குக் காசு வாங்க அவர் சம்மதிக்கவில்லை.

எந்த நேரத்தில் திரும்பி வந்தானோ, கிறகரி வாசலில் நின்று இதைக் கேட்டிருக்கிறான். வான் புறப்பட்டுக் கொஞ்சத் தூரம் போனதும் கண்ணாடியில் அவளைப் பார்த்துச் சொன்னான்: "அக்கா, நீங்கள் கோட்டை பாக்க வரேல்லை. விசயத்தைச் சொல்லுங்கோ. எனக்கு இந்தக் கரையில ஆக்களைத் தெரியும்."

சேது சிரித்தாள். "அம்மா, அந்தக் கதையா? இதுக்குத்தானா கூட்டிக்கொண்டு வந்தீங்கள்?" அவளுக்கு அது கேட்டுக் கேட்டு அலுத்த கதை. தான் பிறந்த கதை.

சிவலட்சுமி சொன்னாள்.

தொண்ணூறாம் ஆண்டு ஆவணியில் ஊர் கிளம்பியபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது. வயிற்றில் தலைப்பிள்ளை, நாள் நெருங்கியிருந்தது. சீவரத்தினத்துக்கு மாடுகளை விட்டுவிட்டு வர மனமில்லை. நீ முன்னுக்குப் போ, நான் பிறகு வாறன் என்று, அவளை அவளுடைய சித்தி அன்னப்பிள்ளையோடு அனுப்பிவைத்தார். விடத்தல்தீவுப் பக்கம் ஒரு சிறு வள்ளத்தில் ஏற்றி, கடலுக்குள் நின்ற பெரிய போட்டுக்கு இருட்டில் மாற்றினார்கள். வள்ளக்காரன் 'அம்புறோஸண்ணை, இவ பிள்ளைத்தாச்சி, கவனம்' என்றான். அப்படித்தான் பெயர் தெரிந்தது.

வழக்கமாக ஓட்டிகள் இந்தியக் கரைவரைக்கும் போவதில்லை. நடுக்கடலில் கிடக்கும் மணல்திட்டுகளில் ஒன்றில் சனத்தை இறக்கிவிட்டுத் திரும்புவார்கள். விடிந்ததும் அந்தப் பக்கத்து மீன்பிடிப் படகுகள் வந்து ஏற்றிக்கொண்டு போகும். போட்டிலேயே அவளுக்குப் பிரசவ நோ தொடங்கிவிட்டது. திட்டில் இறக்கி, விடிந்து, வந்த படகில் மற்றவர்கள் எல்லாரும் ஏறிப் போனார்கள். அவளை அசைக்க முடியவில்லை. அன்னப்பிள்ளைச் சித்தி இரத்தத்தைக் கண்டால் மயங்குகிறவள். மணலில் குந்தியிருந்து கேதீச்சர நாதரைக் கூப்பிட்டு அழுதாளே தவிர, கிட்ட வரவில்லை.

"அம்புறோஸண்ணை விடியக் கிளம்புறதுக்குப் போட்டைத் தள்ளிக்கொண்டு நிண்டவர். போயிருக்கலாம். போட்டில ஏறி எஞ்சினைத் தொட்டவர். என்னைத் திரும்பிப் பாத்திட்டு இறங்கி வந்தவர். இரண்டு தடியை நட்டு, போட்டை மூடுற படங்கை விரிச்சு நிழல் போட்டார். பிள்ளைத்தாச்சியை நான் பாத்ததில்லை, ஆடு மாடு பாத்திருக்கிறன், நீ பயப்பிடாதை எண்டவர். இவளை அவர்தான் எடுத்தவர். கத்தியை லைற்றர் நெருப்பில காட்டி, தூண்டில் நூலால கட்டி."

கிறகரி வேகத்தைக் குறைத்தான்.

"சுத்துறதுக்கு ஒண்டும் இல்லை. தன்ர சாரத்தைக் கழட்டித் தந்திட்டு சாக்கொண்டைக் கட்டிக்கொண்டு இருந்தவர். சித்தி அழுகையை நிப்பாட்டேல்லை எண்டு மகளுக்கு வாங்கி வைச்சிருந்த தோடம்பழ இனிப்பை அவவுக்குக் குடுத்தவர். பின்னேரம் வேற படகு வரும்வரைக்கும் எங்களோடதான் இருந்தவர். இடையில ஒருக்கா எழும்பி இஞ்சாலைப் பக்கம் பாத்துக்கொண்டு நிண்டார். ஏன் அண்ணை, வீட்டில ஏதுமோ எண்டு கேட்டன். இண்டைக்கு மகளுக்கு முதல் நன்மை எண்டார். எனக்கு விளங்கேல்லை. ஏதோ நல்ல காரியமாக்கும் எண்டு நினைச்சன். அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்சது."

கிறகரி வானை ஓரங்கட்டி நிறுத்தியே விட்டான். அப்படியே பின்னால் திரும்பினான்.

"அக்கா, முதல் நன்மை எண்டால் என்ன எண்டு உங்களுக்குத் தெரியாதோ?"

"தெரியாது தம்பி."

"பிள்ளையள் முதன்முதலா நற்கருணை எடுக்கிற நாள். ஏழெட்டு வயசில. வெள்ளை உடுப்பு உடுத்தி, தலையில பூமுடி வைச்சு, தாயும் தகப்பனும் இரண்டு பக்கமும் நிக்க. எங்களுக்கு அது கலியாணம் மாதிரி." அவன் எஞ்சினை நிறுத்தினான். "அந்த மனிசன் அதை விட்டிட்டே இருந்தவர்?"

இத்தனை வருடமாக அந்தச் சொல்லைச் சிவலட்சுமி வைத்திருந்தாள். அதற்குள் என்ன இருந்தது என்று இப்போதுதான் தெரிந்தது. சேதுவும் சிரிப்பை விட்டுவிட்டாள். இந்தப் பகுதி அவளுக்கும் புதிது.

வங்காலையில் கிறகரிக்குத் தெரிந்த ஓர் அம்புறோஸ் இருந்தார். மூன்று படகு வைத்திருக்கும் சம்மாட்டி. முற்றத்துக் கதிரையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். சிவலட்சுமி கைகூப்பி, 'தொண்ணூறில நீங்கள் போட்டில...' என்று தொடங்கியதுமே அவர் மலர்ந்துவிட்டார்.

"ஓம் ஓம், ஏத்தினனான். எத்தினை சனம். இருங்கோ, இருங்கோ. முகம் நினைவில்லை, குறை நினையாதையுங்கோ."

எல்லாருக்கும் கதிரை வந்தது. சிவலட்சுமி அந்த முகத்தில் பழைய முகத்தைத் தேடிப் பார்த்தாள். வெயிலும் வருடங்களும் எந்த முகத்தையும் மாற்றிவிடும். ஆனால் குரல் அதுவல்ல.

"அண்டைக்கு உங்கட மகளுக்கு முதல் நன்மை எண்டு சொன்னீங்கள்" என்றாள் தயங்கி.

அவர் வெற்றிலைத் துப்பலைத் தள்ளித் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். "எனக்கு ஐஞ்சும் பெடியள், தங்கச்சி. அப்ப அது நானில்லை." ஒரு நிமிடம் யோசித்தார். "கும்பிட்டதைத் திருப்பி எடுத்துக்கொண்டு போங்கோ. உரிய ஆளுக்குச் சேரட்டும். பேசாலையில கேட்டுப் பாருங்கோ. அந்த ஆவணியில அங்கதான் சாமியார் அவசரமா முதல் நன்மை குடுத்தவர். சனம் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தது, பிள்ளையள் வாங்கிக்கொண்டு போகட்டும் எண்டு."

பாலத்தைத் தாண்டித் தீவுக்குள் போனார்கள். மன்னார்த் தெருவில் கழுதைகள் குறுக்கே நின்றன. கிறகரி ஹோன் அடிக்காமல் காத்திருந்தான்.

பேசாலையில் சாமியாரைத் தேடிக் கோவிலுக்குப் போக வேண்டிய தேவையே வரவில்லை. கரைக்குப் போகும் ஒழுங்கையில் நாலைந்து பெண்கள் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். கிறகரி வானிலிருந்தபடியே, தொண்ணூறாம் ஆண்டு மகளின் முதல் நன்மைக்கு வராத ஓர் அம்புறோஸ் இங்கே இருந்தாரா என்று கேட்டான். கேட்டு முடிக்க முன்னமே ஒருத்தி நிமிர்ந்தாள்.

"நன்மை நாளில வராத அம்புறோஸோ? பிரான்சிஸ்கா அக்காட மனிசன். கடலில போயிட்டார் எண்டு அண்டைக்கு ஊரே அழுதது. அடுத்த நாள் விடியச் சாக்கைக் கட்டிக்கொண்டு வந்து நிண்டார்."

"எங்க இருக்கிறார்?"

"இப்ப இல்லை. நெஞ்சு வருத்தம் வந்து செத்து எட்டு வருசம். அக்கா வீட்டில இருக்கிறா. அந்தா, நீல வாசல்."

சிவலட்சுமி வானை விட்டு இறங்கவில்லை. சீவரத்தினம்தான் முதலில் இறங்கி, பின்கதவைத் திறந்து, மூட்டையைத் தோளில் ஏற்றினார்.

பிரான்சிஸ்கா அறுபதை நெருங்கியவர். மெலிந்த உடம்பு, கூர்மையான பார்வை. முன்பின் தெரியாத ஒருவர் அரிசி மூட்டையோடு படியேறுவதைப் பார்த்து, "நாங்கள் அரிசிக்குச் சொல்லேல்லையே" என்றார்.

"உங்கட வீட்டுக்காரருக்குக் கொண்டு வந்தது" என்றார் சீவரத்தினம். மூட்டையை இறக்கிவைத்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

மிச்சத்தைப் பின்னால் வந்த சிவலட்சுமி சொன்னாள். வானில் சொன்னதுபோல ஓட்டமாகச் சொல்ல முடியவில்லை. இடையிடையே நின்று நின்று சொன்னாள். பிரான்சிஸ்கா மடியில் கையைக் கோர்த்துக்கொண்டு கேட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சாரத்தைக் கழற்றித் தந்த இடம் வந்தபோது மட்டும் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"என்ன நிறச் சாரம்?"

"பச்சை. கறுப்புக் கோடு."

"ஓம். நான் வாங்கிக் குடுத்தது." கை மடியில் இறங்கியது. "சொல்லுங்கோ."

"முகாமில அதிலதான் இவளுக்கு ஏணை கட்டினனான். கிழியும்வரைக்கும்."

எல்லாம் சொல்லி முடிந்தது. வெளியே காகங்கள் கருவாட்டைச் சுற்றிக் கரைந்தன. பிறகு பிரான்சிஸ்கா மெதுவாகச் சொன்னார்.

"எஞ்சின் மறிச்சு நிண்டுபோச்சு எண்டார். வேற ஒரு சொல் இல்லை. சாரம் எங்க எண்டு கேட்டன், காத்து கொண்டுபோயிட்டுது எண்டார். நான் என்னவெல்லாம் நினைச்சன். பிள்ளை அழுத அழுகையில எனக்கு வந்த கோவம். கிழமைக் கணக்கில கதைக்கேல்லை." சட்டென்று தலையை உயர்த்தினார். "வந்தவுடன வீட்டுக்குள்ள வரேல்லை. நேர கிணத்தடிக்குப் போய் வாளி வாளியா அள்ளி ஊத்தினார். உப்புத்தண்ணியில நிண்ட மனிசனுக்கு இப்பிடி என்ன முழுக்கு எண்டு நான் வாசலில நிண்டு ஏசினன்."

ஏதோ ஒன்று அவருக்குப் பிடிபட்டது. வாயில் கையை வைத்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துச் சிவலட்சுமி எழுந்து கிட்டப் போனாள். பிரான்சிஸ்கா சிரித்துக்கொண்டிருந்தார்.

"துடக்கு. பிள்ளை பிறந்த துடக்கு. தெரிஞ்சால் கரையில ஒருத்தரும் அவரைப் போட்டில ஏத்த மாட்டினம், தொழிலுக்கு ஆகாது எண்டு. ஆம்பிளை பிள்ளைப்பேறு பாத்தவன் எண்டு ஊர் பகிடி பண்ணும். அதுக்குப் பயந்துதான் அந்த மனிசன் செத்துப்போகும்வரைக்கும் வாய் திறக்கேல்லை."

சிரிப்பு நிற்கவில்லை, அதிலேயே கண்ணீரும் வந்தது. சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு சேதுவைப் பார்த்தார். "கிட்ட வா பிள்ளை." சேது போய்க் காலடியில் உட்கார்ந்தாள். பிரான்சிஸ்கா அவளுடைய காதை, கன்னத்தை, கைவிரல்களைத் தொட்டுப் பார்த்தார். "குறையில்லாமல்தான் எடுத்திருக்கிறார்" என்றார்.

அந்த நேரத்தில் மகள் பெற்றிசியா வந்துவிட்டாள். பக்கத்து ஒழுங்கையில் குடியிருக்கிறவள். தாயின் வீட்டு வாசலில் வான் நிற்கிறதென்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கையில் ஓலைப்பையில் மீன். தாய் சொன்னதை வாசல் நிலையில் சாய்ந்தபடி முழுவதும் கேட்டாள். அவள் சிரிக்கவில்லை.

"அண்டைக்கு எல்லாப் பிள்ளையளுக்கும் பக்கத்தில தகப்பன்மார் நிண்டவை. எனக்கு மாமா நிண்டவர்" என்றாள். "நான் நன்மை வாங்கும்போது வாசலைத்தான் பாத்துக்கொண்டு இருந்தனான். சாமியார் இரண்டு தரம் வாயைத் திற எண்டவர். என்ர கலியாணத்தண்டும் சொன்னன், இண்டைக்காவது எஞ்சின் மறிக்காமல் வந்திடுங்கோ எண்டு. சிரிச்சார். அப்பவாவது சொல்லியிருக்கலாம்."

சிவலட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள். தாங்கள் வந்திருக்கத் தேவையில்லையோ என்று அவளுக்குத் தோன்றியது.

பெற்றிசியா பையைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போனாள். போகிற போக்கில், "ஒருத்தரும் எழும்பக் கூடாது. சாப்பிட்டிட்டுத்தான் போகோணும்" என்றாள்.

சற்றுப் பொறுத்துச் சேதுவும் உள்ளே போனாள். கேட்காமலே துருவலையை எடுத்து, தேங்காய்ப் பாதியைப் பிடித்துத் துருவத் தொடங்கினாள். இருவரும் வெகுநேரம் வேலையைத்தான் பார்த்தார்கள். மீனைக் கழுவி முடித்த பிறகுதான் பெற்றிசியா பேசினாள்.

"நீர் எந்த நேரம் பிறந்தனீர் எண்டு தெரியுமோ?"

"வெயில் ஏறிவந்த நேரம்னு அம்மா சொல்லுவாங்க."

"அப்ப பூசை நேரம்தான்." மீன்சட்டியை அடுப்பில் வைத்தாள். "உம்மில எனக்குக் கோவம் வரோணும். வருதில்லை."

"கொஞ்சம் வந்தாலும் பரவாயில்லை அக்கா."

பெற்றிசியா திரும்பி அவளைப் பார்த்தாள். "இந்தியக்காரி மாதிரிக் கதைக்கிறீர்" என்று சொல்லிவிட்டு, உப்புப் போத்தலை அவள் பக்கம் தள்ளினாள். "இந்தக் குழம்புக்கு எவ்வளவு போடலாம் எண்டு பாரும்."

சாப்பாடு முடிந்ததும் பிரான்சிஸ்கா எல்லாரையும் சேமக்காலைக்குக் கூட்டிப்போனார். கல்லறைகளுக்கு இடையே மணல் காலைச் சுட்டது. அம்புறோஸின் கல்லறை வெள்ளை அடித்த சிறிய சிலுவையோடு இருந்தது. சிவலட்சுமிக்கு இங்கே என்ன செய்ய வேண்டும் என்று தெரியவில்லை. அவளுடைய கைப்பையில் கோயிலுக்குப் போகும் பழக்கத்தில் வைத்திருந்த கற்பூரம் இருந்தது.

"அக்கா, இதை இஞ்ச கொளுத்தலாமோ?"

"கொளுத்து பிள்ளை. நாங்கள் மெழுகுதிரி கொளுத்திறம். எல்லாம் நெருப்புத்தானே."

காற்று இரண்டு தரம் அணைத்தது. மூன்றாம் தரம் சீவரத்தினம் முழந்தாளில் இருந்து இரண்டு கையாலும் வளைத்து மறைத்தார். சுடர் எரிந்து அடங்கும்வரைக்கும் கையை எடுக்கவில்லை. பிரான்சிஸ்கா சிலுவையின் மேல் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டு, தாழ்ந்த குரலில், "எஞ்சின் மறிச்சதாம் எஞ்சின்" என்றார்.

தலைமன்னாருக்கு அவரும் வருவதாகச் சொன்னார். கிறகரிக்குப் பக்கத்தில் முன் இருக்கையில் ஏறிக்கொண்டார். பெற்றிசியா பிள்ளைகள் ரியூசன் முடிந்து வரும் நேரம் என்று நின்றுவிட்டாள். சேதுவின் போன் நம்பரை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டாள்.

தலைமன்னாரில் பழைய பாலத்தின் இரும்புத் தூண்கள் துருவேறிக் கடலுக்குள் நின்றன. அதற்கு அப்பால் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். சேது தண்ணீர் விளிம்பில் நின்று மேற்கே பார்த்தாள்.

"அந்தத் திட்டு எங்க அம்மா?"

"இஞ்ச இருந்து தெரியாது."

"அது எந்த நாடு?"

"ஆருக்குத் தெரியும். நாங்கள் இருந்தபோது மூண்டு பேரும், ஒரு படங்கும்தான் அதில. பிறகு நீயும்."

சேது செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கினாள். சிவலட்சுமியும் பின்னால் போனாள். கணுக்கால்வரை நனைந்ததும் நின்று, குனிந்து, ஒரு கை தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டாள். தண்ணீர் சூடாக இருந்தது.

மணலில் சீவரத்தினமும் பிரான்சிஸ்காவும் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு சீவரத்தினம் தொண்டையைச் செருமினார். காலையிலிருந்து அவர் பேசியதையெல்லாம் சேர்த்தாலும் பத்து வசனம் தேறாது.

"நான் அங்க இருந்திருக்கோணும்" என்றார். "மாட்டுக்காக நிண்டிட்டன். அந்த மாடும் பிறகு இல்லை."

பிரான்சிஸ்கா அதற்கு ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "நானும் அவருக்கு ஏசாமல் இருந்திருக்கலாம்" என்றார்.

"அவருக்கு என்ன சாப்பாடு விருப்பம்?"

பிரான்சிஸ்கா திரும்பிப் பார்த்தார். கேட்பவர் உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார் என்று கண்டுகொண்டார்.

"மீன் பெரிசாச் சாப்பிடமாட்டார். கடல்காரன் வீட்டில பருப்பும் கத்தரிக்காயும்தான் கேப்பார். சோறு குழையக் கூடாது. தவளைக்குப் பயம். மழை நாளில கொல்லைக்குப் போறதெண்டால் நான்தான் முன்னுக்கு லாம்பு பிடிச்சுக்கொண்டு போகோணும். கோவிலில பாடுவார், சுருதி சேராது. சாமியார் ஒருக்கா மெல்லப் பாடச் சொன்னவர். அதுக்குப் பிறகும் அப்பிடித்தான்."

"உயரமோ?"

"உங்கள விட ஒரு சாண் கட்டை. ஆனால் தோள் அகலம்."

சீவரத்தினம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். கிறகரி வெயில் சாய்வதைப் பார்த்து எஞ்சினை இயக்கினான். பிறகு நிறுத்திவிட்டு அவனும் வந்து மணலில் உட்கார்ந்தான்.

பிரான்சிஸ்காவின் போன் அடித்தது. பெற்றிசியா. எங்கே நிற்கிறீர்கள், இருட்டப் போகுது என்றாள் போலும்.

"வாறன் பிள்ளை" என்றார் பிரான்சிஸ்கா. "இவர் உன்ர அப்பாவைப் பற்றிக் கேக்கிறார். சொல்லி முடியேல்லை."